கீழ்வீட்டில் வசிப்பவர்

மார்ச் 4

மகளின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் இங்கே எங்களோடுதான் நலமாக இருக்கிறீர்களாம். நேற்று வரி அலுவலகத்திலிருந்து வந்தவர் சொன்னார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று, “சார் இல்லைங்களா?” என்றார். விழித்தேன். “மனைவி, மகளோட இதே வீட்டுல குடியிருக்கேன்னு வருஷா வருஷம் எழுதிக் குடுத்திருக்காரேம்மா” என்றார். வாய்க்கு வந்தபடி, “வெளியூர் போயிருக்கார்” என்று சொல்லி அனுப்பினேன். மாதக் கடைசியில் மறுபடி வருவாராம்.

மகள் கை முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாளே, அப்போது எந்த அறையில் இருந்தீர்கள்? ஒரு இருமல் சத்தம்கூட என் காதில் விழவில்லையே. ஆறு வருடமாக வெளிநாட்டில் இருப்பவர் ஏன் அப்படி எழுதிக் கொடுத்தீர்கள்? பதில் வேண்டும்.

மகளின் அம்மா


மார்ச் 13

அன்புள்ளவளுக்கு,

கோபப்படாமல் படி. ஊரில் யாரும் செய்யாததையா செய்துவிட்டேன்? வீட்டுக்காரன் வெளிநாட்டில் இருந்தால், குடியிருப்பவர் வாடகையில் வரியைப் பிடித்துக் கட்டிவிட்டு மிச்சத்தைத்தான் தர வேண்டும். உள்ளூர்க்காரன் என்றால் அந்தப் பிடித்தம் இல்லை. அதனால்தான் அப்படி எழுதினேன். மாடியில் வாடகைக்கு இருக்கும் தையல்காரரிடமும், “கணக்கெல்லாம் நான் பார்த்துக்கிறேன், வாடகைய முழுசா அனுப்புங்க” என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஆள் வரும்போது வாசலில் என் செருப்பைப் போட்டு வை. கொடியில் என் சட்டை ஒன்று காயட்டும். எழுதிக் கேட்டால், இங்கேதான் இருக்கிறார் என்று எழுதிக் கொடு. தையல்காரரை நினைத்துக் கவலைப்படாதே. வரியைப் பிடிக்காமல் விட்டதற்கு முதலில் அவரைத்தான் கேட்பார்கள். நம் தலை தப்பும்.

நான் யாருக்காக இங்கே கிடந்து சாகிறேன்?

உன் கணவன்


மார்ச் 28

மகளின் அப்பாவுக்கு,

உங்கள் செருப்பு போன வருடமே குப்பைக்குப் போய்விட்டது. சட்டையைக் கிழித்து மகள் சைக்கிள் துடைக்கிறாள். உங்களை இங்கே குடிவைக்க வேறு சாமான் எதுவும் மிச்சமில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே தையல்காரர் நோட்டீசோடு இறங்கி வந்தார். “சார் சொன்னபடிதானம்மா செஞ்சேன். இப்ப அபராதத்த என்னையக் கட்டச் சொல்றாங்க” என்றார். எனக்கு உடம்பே எரிந்தது. நீங்கள் தப்புவதற்கு அவர் தலையா?

நேற்று அந்த அதிகாரி வந்தார். உட்காரச் சொன்னேன். நீங்கள் இங்கே இல்லை, ஆறு வருடத்தில் இரண்டே முறைதான் வந்தீர்கள், முழு வாடகையையும் அனுப்பச் சொன்னது நீங்கள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் அந்த ஊர் முகவரியும், நீங்கள் எழுதிய கடிதமும் இப்போது அவரிடம்தான் இருக்கின்றன.

“புருஷனையே மாட்டி விடுறீங்களே, யோசிச்சீங்களாம்மா?” என்றார்.

“புருஷன் இருந்திருந்தா யோசிச்சிருப்பேன்” என்றேன்.

யாருக்காகச் சாகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்காக யாரும் சாக வேண்டாம். வேலைக்குப் பக்கத்திலேயே ஓர் அறையும் சமையலறையுமாக வாடகைக்குப் பிடித்துவிட்டேன். இன்று காலை மகளோடு போய்ப் பேசி முடித்தேன். “எத்தனை பேர் இருப்பீங்க?” என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். பழக்க தோஷம், நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

மகள் முந்திக்கொண்டு, “ரெண்டே பேர்தான்” என்றாள்.

மகளின் அம்மா