கிட்டப் போய் எடுக்க வேண்டிய லென்ஸ்

நண்பா,

இன்று காலை என் பழைய லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விற்கப் போகிறேன். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. ஜூம் வளையத்தின் ரப்பர் வரிகளுக்குள் மட்டும் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன், பாதிதான் வந்தது. மோந்து பார்த்தால் வாசனை போய்விட்டிருக்கிறது. ஆனாலும் எனக்குத் தெரியும், அது உன் விரலில் இருந்த சந்தனம்.

இந்த ஒரு மாதமாக நானும் உன்னைப் போல எந்த லென்ஸும் பத்தாதவன் ஆகிவிட்டேன். தினமும் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுற்ற ஒரே ஒரு ஜூம் போதும் என்று ஆரம்பித்தேன். எது என்றுதான் முடிவுக்கு வர முடியவில்லை. ஊர் பேர் தெரியாதவர்கள் இணையத்தில் போடும் சண்டைகளை எல்லாம் படிக்கிறேன். ஒருவன் செங்கல் சுவரைப் படம் எடுத்து, மூலை மங்கலாக இருக்கிறது என்று புலம்புகிறான். நீ இருந்தால், "செவுத்த எடுக்கறதுக்கு எதுக்குடா லென்ஸு?" என்று கேட்டிருப்பாய்.

இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீ உயிரோடு இருந்தாலும் உன்னால் படிக்க முடியாது. பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவன் நீ. வீட்டில் பேசும் தமிழ் மட்டும்தான் உனக்கு. அதிலும் பாதி வாக்கியத்தில் இந்திக்குத் தாவிவிடுவாய். கோயம்புத்தூரிலிருந்து விமான் நகர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த எனக்கு முதல் வாரம் நீ பேசுவது புரியவில்லை. புரிந்த பிறகு வேறு யாரோடும் பேசத் தோன்றவில்லை.

அந்த வருஷம் இருவரும் டிஜிட்டல் கேமரா வாங்கினோம். நான் அதோடு புதிதாகப் பதினேழு மில்லிமீட்டரிலிருந்து ஐம்பது வரை போகும் ஒரு ஜூமையும் வாங்கினேன். குட்டை லென்ஸ்தான், ஆனால் அகலமாக எடுக்கும், வெளிச்சம் குறைந்த அறையிலும் சமாளிக்கும். நீ லென்ஸ் வாங்க மறுத்துவிட்டாய். ஃபிலிம் கேமரா காலத்து இருபத்தெட்டு - இருநூறு நீள ஜூம் உன்னிடம் இருந்தது, தூரத்து முகத்தையும் கிட்டே இழுத்துக் காட்டும். புதிய கேமராவின் சென்சார் ஃபிலிமை விடச் சின்னது, எதை மாட்டினாலும் காட்சியின் நடுப்பகுதி மட்டும்தான் அதில் விழும். அதனால் எல்லாம் ஒன்றரை மடங்கு கிட்டே வந்தது போலத் தெரியும்.

"அரே யார், டூ ஹண்ட்ரட் இப்போ த்ரீ ஹண்ட்ரட் ஆயிடுச்சு. ஃப்ரீயா. இன்னும் என்ன வேணும்?"

"இந்தப் பக்கம் இருபத்தெட்டு நாப்பத்திரண்டா ஆயிடுமே, அத யோசிச்சியா? வீட்டுக்குள்ள நின்னு நாலு பேர எடுக்க முடியாது பாத்துக்க."

"வீட்டுக்குள்ள யாரு எடுக்கப் போறா?"

பூனா கேம்ப் பகுதியில் இருந்த ஒரு கேமரா கடைக்கு மூன்று சனிக்கிழமை உன்னை இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். நீ ஒவ்வொன்றையும் மாட்டி, வாசலுக்குப் போய், தெருவின் கோடியில் வடாபாவ் சாப்பிடுகிறவனின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, "பத்தல" என்பாய். கடைசியில் காரணத்தையும் நீயே சொன்னாய். "தூரத்துல நின்னா யார்கிட்டயும் பேச வேண்டாம்டா. கிட்டப் போனா, திரும்புங்க, சிரிங்கன்னு சொல்லிட்டே இருக்கணும்." அப்போது எனக்கு விஷயம் விளங்கியது. அந்த வாரம்தான் உன் அம்மா தொலைபேசியில் அழைத்திருந்தார்.

உன் அப்பாவும் நீயும் பேசிக்கொள்வதில்லை என்பது நம் அலுவலகத்தில் டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் தெரியும். உன் அப்பாவுடைய சிநேகிதர் மகளுக்கும் உனக்கும் நிச்சயதார்த்தம் முடிந்து, அதன் பிறகு நீ வேண்டாம் என்றாய். ஏன் என்று என்னிடமும் சொன்னதில்லை, நானும் தோண்டவில்லை. அவர் சிநேகிதர் முன்னால் தலைகுனிந்து நின்றார். நீ போசரியில் தனி அறை எடுத்துக்கொண்டாய். பண்டிகைக்கு நீ அப்பா அம்மா இருந்த ஏரவாடா வீட்டுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போவாய், நடுவில் ஆள் வேண்டும் என்பதற்காக. நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். அவர் என்னைப் பார்த்து, "தம்பி, அவனுக்கு இன்னும் ரெண்டு தோசை வேணுமான்னு கேளுங்க" என்பார். நீயும் என்னைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பாய். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் சேதி சொல்லி முடிப்பதற்குள் என் தோசை ஆறிப்போகும்.

அம்மா அழைத்தது அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு. "வெளியாள் கேமராவோட வந்தா உங்கப்பா மூஞ்சிய உர்ருன்னு வெச்சுப்பார். நீயே வந்து எடு. ரெண்டாந்தடவ தாலி கட்டறப்போ எங்க ரெண்டு பேர் மூஞ்சியும் தெரியணும், அது ஒண்ணுதான் எனக்கு வேணும்." நீ இருக்கும்போது மட்டும் அவர் முகம் எப்படி உர்ரென்று ஆகாமல் போகும் என்று நீயும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. ஒரு ஓரமாக நின்று, ஒரு வார்த்தை பேசாமல், எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நீ கணக்குப் போட்டாய். அதற்குத்தான் அந்த நீள லென்ஸ்.

கல்யாணத்தன்று உன் அம்மா வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பதுபோல உனக்கும் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். நீயும் விருந்தாளி மாதிரி விரலில் தொட்டுக்கொண்டாய். வீட்டுக்குள் சின்ன ஹால். நடுவில் செங்கல் அடுக்கி ஹோமம், புகை, கலசங்கள், அதைச் சுற்றி உறவுக்காரர்கள். டேப்பில் நாதஸ்வர கேசட் காது கிழியப் பாடிக்கொண்டிருந்தது. நீ பீரோவோடு பீரோவாக ஒட்டிக்கொண்டு கேமராவைக் கண்ணில் வைத்தாய். வலப்பக்கம் திருப்பினாய், இடப்பக்கம் திருப்பினாய். பின்னால் நகரப் பார்த்தாய், இடமில்லை. வாசலையும் ஆட்கள் அடைத்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் ஃப்ரேமுக்குள்ள வரமாட்டேங்கறாங்கடா. அம்மா வந்தா அவர் வரல. அவர் வந்தா அம்மா வரல."

நான் சொன்னேனே என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லாமல் என் கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி நீட்டினேன். நல்லவேளை, இருவரிடமும் ஒரே கம்பெனி கேமரா. நீ அதைக் கையில் வாங்காமல் பார்த்துக்கொண்டே நின்றாய்.

"இதப் போட்டா ரொம்பக் கிட்டப் போகணும்."

"போ."

மாட்டிக்கொண்டு போனாய். ஹோமத்துக்கு இந்தப் பக்கம், அவர் முழங்காலுக்கு எட்டும் தூரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாய். நான் ஃபிளாஷைப் பிடித்துக்கொண்டு உன் தோளுக்குப் பின்னால் இருந்தேன். இப்போது இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் அப்பா தாலியைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார், மாலை அவர் முகத்தை மறைத்தது. வாத்தியார் கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கிவிட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நிமிரச் சொல்லு" என்று உதடு அசைந்தது. அந்தக் கேசட் சத்தத்தில் நான் சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது என்று பிற்பாடு உன்னிடம் சமாளித்தேன். உண்மையில் நான் வேண்டுமென்றேதான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை.

"அப்பா" என்றாய்.

அவர் நிமிர்ந்தார். அந்த முகத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. தூங்குகிறவரைப் பெயர் சொல்லி எழுப்பினால் ஒரு கணம் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். நீ பொத்தானை அழுத்தவில்லை. கேமரா தாழ்ந்து உன் மடிக்கு வந்துவிட்டது. நீ அதை மறுபடி தூக்கியபோது அவர் அம்மா பக்கம் திரும்பி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஆல்பத்தில் இருப்பது அந்தப் படம்தான். அவருடைய காதும் கன்னமும் தெரியும், அம்மா மட்டும் நேராகச் சிரிப்பார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "போறும், நன்னாத்தான் இருக்கு" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நீங்கள் இருவரும் பெரிதாக எதுவும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த தடவை பேசலாம் என்று இரண்டு பேரும் நினைத்திருக்கலாம். அந்த மழைக்காலத்தில் எக்ஸ்பிரஸ்வேயில் உன் கார் கவிழ்ந்தது. அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து அம்மாவும் போய்விட்டார்.

எந்த லென்ஸ் வாங்குவது என்பது இன்னும் முடிவாகவில்லை. நீளமானதை எடுத்தாலும் எடுப்பேன். நீ சொன்னதில் தப்பொன்றும் இல்லை, தூரத்தில் நிற்பதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைப் பார்க்கப் போகிறேன். அரசியல் பேசுவார், மூட்டு வலியைப் பற்றிப் பேசுவார். நான் கிளம்பும் நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, முதல் தடவை கேட்பதுபோலக் கேட்பார்.

"தம்பி, அன்னைக்கு அவன் என்னக் கூப்பிட்டான் இல்ல?"

"கூப்பிட்டான் சார்."

"உங்க மூலமா சொல்லல. அவனே கூப்பிட்டான்."

"அவனேதான் கூப்பிட்டான். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவர் தலையை ஆட்டிக்கொள்வார். நீ கூப்பிட்டதற்கு அவரிடம் படம் இல்லை. பக்கத்தில் இருந்து கேட்ட அம்மாவும் இல்லை. அதனால் நான் போய்க்கொண்டிருக்கிறேன்.