மொட்டைமாடிச் செம்பருத்தி

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் நான் மாடிக்குப் போவதற்குள் பூவைப் பறித்தாகிவிட்டது. கீழ்வீட்டு வங்காளி அக்கா, சுப்ரா தீதிதான். தண்ணீர் ஊற்றுவது நான், காளி படத்துக்கு வைப்பது அவர். ஒரு வார்த்தை கேட்டால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

இலைக்கடியில் பஞ்சு பஞ்சாக வெள்ளையாய் ஏதோ. எறும்பும் ஏறுகிறது.

மார்ச் 6, வியாழன்

தீதியின் கணவர் தபன் பாபுவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நுரையீரலில் நீராம். படியில் தீதி என் கையைப் பிடித்துக்கொண்டு வங்காளத்தில் சொன்னார்: "அவர் வீடு திரும்பற வரைக்கும் இந்தச் செடியிலேர்ந்தே தினம் ஒரு பூ வைக்கிறதா வேண்டிக்கிட்டேன். எடுத்துக்கலாமா?"

முதல்முறையாகக் கேட்கிறார். என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

மார்ச் 9, ஞாயிறு

லேக் பக்கத்துப் பூங்காவில் ஞாயிறு காலையில், செடி வளர்ப்பவர்கள் சிலர் மேசை போட்டு உட்கார்ந்து யோசனை சொல்கிறார்கள். சும்மா, ஆசைக்கு. ஒரு கிளையைக் கவரில் கட்டி எடுத்துப் போனேன். பிரியம்வதா என்ற பெண் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். தமிழ்ப் பெண்தான், வளர்ந்தது இங்கே; சித்தி என்பதற்கு மாஷி என்கிறாள்.

"மாவுப்பூச்சி, மாஷி. இவ்ளோ ஏறினப்புறம் வேப்பெண்ணெய் மட்டும் போதாது. எல்லாக் கிளையையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிடுங்க. கவர்ல கட்டித் தூக்கிப் போடுங்க, உரத்தொட்டியில போடாதீங்க. துளிர் வந்ததும் சோப்புத் தண்ணியில வேப்பெண்ணெய் கலந்து, சாயங்காலமா, இலைக்கு அடியில அடிங்க."

"பூ?"

"ரெண்டு மாசம் இருக்காது. வெட்டலேன்னா செடியே இருக்காது, பக்கத்துத் தொட்டிக்கும் பரவிடும்."

கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்றேன். வேண்டவே வேண்டாம் என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

வெட்டிவிட்டேன். மொட்டுகளோடு.

"உங்க முழங்காலுக்கு மாடி வேண்டாம், பூவை நானே கொண்டுவந்து தரேன்" என்றேன் தீதியிடம். பொய் நன்றாகத்தான் வருகிறது எனக்கு. லேக் மார்க்கெட்டில் மொட்டாக விற்கிறார்கள். முதல் நாள் வாங்கித் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் விரியும்.

மார்ச் 15, சனி

பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இன்னிக்கு ஒரு வாய் சூப் குடிச்சார்" என்றார். மறுநாளுக்கு மொட்டு வாங்கக் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 22, சனி

தபன் பாபு போய்விட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

வேண்டுதலில் எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. கிடையாதா? பின்னே ஏன் அந்தக் கதவைத் தட்டக் கை வரவில்லை? வெட்டாமல் இருந்திருந்தால் — செடி செத்திருக்கும், அவ்வளவுதானே. ஐயோ, போனா போகட்டும்னு விட்டிருக்கக் கூடாதா நான்?

ஏப்ரல் 6, ஞாயிறு

காரியங்கள் முடிந்தன. இன்று போய்ச் சொல்லிவிட்டேன், அழுதுகொண்டே. தீதி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"தெரியும். நீ வெட்டின மறுநாளே துணி காயப்போட மேலே போனேன்."

"அப்புறம் ஏன் தினமும் வாங்கிக்கிட்டீங்க?"

"பூ இல்லேன்னு நீ வாயால சொல்லிட்டா அவர் பொழைக்க மாட்டார்னு பயம். நீ சொல்லல. நானும் கேக்கல."

மே 18, ஞாயிறு

செடி தழைத்துவிட்டது. சாயங்காலம் மருந்தடிக்கப் போனால், தீதி எனக்கு முன்பே வேப்பெண்ணெய் பாட்டிலோடு மேலே இருந்தார். காலையில் விரிந்த முதல் பூ கிளையிலேயே இருந்தது.

"பறிக்கலையா?" என்றேன்.

"செடியிலேயே இருக்கட்டும்" என்று சொல்லி, அடுத்த இலையைத் திருப்பிப் பார்த்தார்.