ஆணியில் தொங்கும் ரொட்டி

இல்ஹோம்,

சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்க நீங்கள் மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போதே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. நம் மீட்டரில் ஐந்தில் நிற்க வேண்டிய சர்க்கரை இன்று வெறும் வயிற்றில் பதினொன்று. பிரசவம்வரை ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டுமாம். தொற்றுக்குப் பயந்து யாரையும் உள்ளே விடுவதில்லை; கேட்டில் போய்ச் சண்டை போடாதீர்கள்.

பயறு சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று, "திருட்டுத்தனமா இனிப்பு தின்றியா? வயித்துல இருக்கிறது என் புள்ளையும்தான்" என்று கத்தினீர்கள். நான் இனிப்பைத் தொடவில்லை. நோய் அண்டாதென்று உங்கள் அம்மா தினமும் தேநீரில் கற்கண்டு கரைத்துத் தருகிறார். "குடிம்மா, இது மருந்து, இனிப்பில்ல" என்பார். மருமகள் எப்படி மறுப்பது? குடித்தேன். தின்பதையெல்லாம் டாக்டர் எழுதச் சொன்ன உணவு நோட்டில் மட்டும் எழுதவில்லை. இன்று டாக்டரிடம் சொல்லிவிடுவேன்.

அம்மாவைத் திட்டாதீர்கள். கற்கண்டு டப்பாவை மட்டும் ஒளித்துவையுங்கள்.

பி.கு. கிளம்பும்போது, "ஒரு கடி கடிச்சிட்டுப் போ, மீதியத் திரும்பி வந்து தின்னணும்" என்று அம்மா ரொட்டியை நீட்டினார். கடித்தேன், அதை நோட்டில் எழுதிவிட்டேன். மீதி சமையலறை ஆணியில் தொங்குகிறது. காய்ந்து கல்லானாலும் நான் வரும்வரை எடுக்காதீர்கள்.

முனவ்வர்