உள்வாங்கும் என்ற சொல்

அன்புள்ள சுண்டெலிக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். கடிதத்தின் முதல் வரி என்பதற்காக எழுதவில்லை, அடுத்த அறைக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதைக் குளிருக்கு மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். படிக்கட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலை முடிந்துவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரர் தன் கதவில் தெறித்த சுண்ணாம்பை இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறார். மூன்று மாடிக்கும் சேர்த்து அவர் ஒருவரே திட்டுவதால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம்.

அம்மாவுக்கு அன்று என்ன நடந்தது என்று நீ கேட்டபோது நான் போனில் பாதிதான் சொன்னேன். மீதி எனக்கு எழுத்தில்தான் வரும். ஆஸ்துமாக்காரர்கள் படிப்பதற்காக நீ எழுதிய இரண்டு பக்கத்தை அச்சுக்குப் போகும் முன் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பினாய் அல்லவா? முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் கையில் சொந்த மகளின் எழுத்து. அளவுகோலை வரிக்கு வரி நகர்த்தி மூன்று முறை படித்தேன். இன்ஹேலர் மருந்து அட்ரினலின் என்ற ஹார்மோனைப் போல வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது, மூச்சுக்குழாய்ச் செல்லின் வெளிவிளிம்பில் இருக்கும் ஏற்பி அதைப் பிடித்துக்கொள்கிறது, உடனே உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜி-புரதத்தை உசுப்பிவிடுகிறது, குழாய் தளர்கிறது. இதுவரை புரிந்தது. அடுத்து, மருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்தால் ஏற்பிகள் உள்வாங்கும் என்று எழுதியிருந்தாய். எதை உள்வாங்கும்? செயப்படுபொருளை மகள் விட்டுவிட்டாள் என்று எண்ணி, ‘மருந்தை’ என்று சிவப்பு மையில் செருகி உனக்குத் திருப்பி அனுப்பினேன். அதோடு நின்றிருந்தால் வெறும் அச்சுப்பிழை. நான் என் திருத்தத்தையே நம்பிவிட்டேன்.

அது வெள்ளையடித்த வாரம். தூசியில் அம்மாவுக்கு இழுப்பு கூடிவிட்டது. இன்ஹேலர் அளவு மீறினால் வந்து பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவரைத் தொந்தரவு செய்யத் தயங்கினேன். என் பொண்ணே எழுதியிருக்கா, எவ்வளவு கொடுத்தாலும் உள்ள வாங்கிக்குமாம் என்று அம்மாவிடம் தைரியம் சொல்லி, இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நோட்டில் எல்லாம் நேரத்தோடு குறித்திருக்கிறேன். முதல் நாள் நான்கு முறை, நான்காம் நாள் ஒன்பது, ஆறாம் நாள் பதினான்கு. ஒவ்வொரு முறையும் நிம்மதி முன்பைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோனது. படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போவதற்குள் நடுவில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மருந்துக் கடைக்காரர்கூடக் கேட்டார், போன வாரம்தானே சார் ஒண்ணு வாங்கினீங்க, தெருவுக்கே குடுக்கறீங்களா என்று. அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு வந்தேன்.

ஏழாம் நாள் காலை நீ கூப்பிட்டது அந்தச் சொல்லுக்காகத்தான். அப்பா, கடல் உள்வாங்குதுன்னா கடல் எதையாவது குடிக்குதா, தானே பின்னால போகுதில்ல, அது மாதிரி ஏற்பியே செல்லுக்குள்ள போயிடும்ப்பா, வாசல்ல ஆளே இல்லன்னா மருந்து யார்கிட்ட பேசும் என்று சிரித்தாய். நான் சிரிக்காததைக் கவனித்தாய். அம்மாவுக்கு எத்தனை தடவைப்பா குடுக்கறீங்க என்று கேட்டாய். நோட்டைப் படித்தேன். முடிப்பதற்குள், போனை வெச்சுட்டு இப்பவே கிளம்புங்க என்றாய். டாக்டர் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, நான்கு மணி நேரம் தன் கண்முன்னாலேயே படுக்க வைத்தார். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இங்க கூட்டிட்டு வந்திருக்க மாட்டீங்க சார் என்றார். இப்போது வீக்கத்தைத் தணிக்கும் வேறொரு மருந்தைத் தினமும் இரு வேளை இழுக்கிறாள். ஏற்பிகள் விளிம்பில் குறையாமல் இருக்க அதுவும் உதவுமாம்.

பிறகு நீ உன் ஆய்வகத்தில் எடுத்து அனுப்பிய அசையும் படத்தை இருவரும் போனில் பார்த்தோம். மருந்து பட்டதும் சிவப்பாக ஒளிரும் ஜி-புரதம் முதலில் விளிம்பை விட்டு உள்ளே கிளம்புகிறது, பின்னாலேயே பச்சை ஏற்பிகளும் குட்டிக் குட்டிப் பொட்டலங்களாகப் போகின்றன, மருந்தைக் கழுவிவிட்டுக் காத்திருந்தால் திரும்பி வருகின்றன. அம்மா, உங்களை மாதிரிதான், வீட்டுக்கு நாலு பேர் வந்தா உள்ரூமுக்குப் போயிடறது, கிளம்பினதும் எட்டிப் பாக்கறது என்றாள். நுண்ணோக்கியில் புள்ளியைப் பார்க்கவா இத்தனை படிப்பு என்று கேட்டு, உனக்காக வங்கித் தேர்வு விண்ணப்பத்தை நிரப்பி வைத்தவன் நான். நீ கையெழுத்துப் போடாததற்கு இன்று நன்றி சொல்கிறேன். என் வாக்கியம்தான்ப்பா சரியில்ல, நீங்க தப்பாப் படிச்சதால இனிமே யாரும் தப்பாப் படிக்க மாட்டாங்க என்று சொல்லி, ‘ஏற்பிகளே செல்லுக்குள் போய்விடும்’ என்று மாற்றினாயே, அதற்கும் நன்றி. மகளுக்கு நன்றி எழுதுவது முறையா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை.

எல்லாம் தூசியால் வந்தது என்றே அம்மா நினைத்திருந்தாள். இன்று காய்கறிப் பையோடு படியேறும்போது, முதல் மாடியில், உண்மையைச் சொன்னேன். ஊர்ல எழுதினவன் எழுத்தையெல்லாம் திருத்திட்டு கடைசில என் மூச்சையும் திருத்தப் பாத்தீங்களா, பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா, டாக்டர்கிட்டக் கேக்க வெக்கம், கடைக்காரர்கிட்டச் சொல்ல வெக்கம், என்னை அனுப்பி வெச்சுட்டு யார்கிட்ட வெக்கப்படறதா இருந்தீங்க என்று ஆரம்பித்தவள் மூன்றாம் மாடிக் கதவைத் திறக்கும்வரை நிறுத்தவே இல்லை. அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

நீயும் உன் வேலையும் செழித்திருக்க எங்கள் ஆசிகள். அடுத்து எழுதுவதையும் எனக்கே அனுப்பு. சந்தேகம் வந்த இடத்தில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு உன்னைக் கூப்பிடுகிறேன்.

என்றும் உன்
அப்பா