தொட்டித் தண்ணீரில் மின்சாரம்

மே 14, 2004, வெள்ளி

கடல்மீன் வளர்க்கும் சின்னத் தொட்டிக்கு வடிகட்டியை நானேதான் செய்தேன். சோப்பு டப்பாவில் ஸ்பாஞ்சைத் திணித்து, மேசைமேல் வைக்கும் அலங்கார நீரூற்றிலிருந்து கழற்றிய மோட்டாரைப் பொருத்தினேன். வயர் எட்டவில்லை. ஒட்டுப் போட்டு டேப் சுற்றினேன். அந்த ஒட்டு தண்ணீருக்குள் சரிந்ததைக் கவனிக்கவில்லை.

சாயங்காலம் என் மனைவி சுமதி தொட்டிக்குள் கைவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். "இன்னைக்கும் சுருக்குங்குதுங்க. மூணு நாளா இப்படித்தான். விரல்ல வெட்டுக்காயம் இருக்குல்ல, உப்புத்தண்ணி எரியுதுன்னு நெனச்சேன்."

டெஸ்டரைத் தண்ணீரில் வைத்தேன். அதன் விளக்கு எரிந்தது.

பிளக்கைப் பிடுங்கி வயரை வெட்டினேன். "மோட்டார் நின்னா மீன் செத்துருமே!" என்று அவள் பதறினாள்.

"மோட்டார் ரிப்பேர்" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடுகிறாள். வெள்ளிக்கிழமை என்று இன்று வீடு கழுவியிருந்தாள். அந்த ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தால்...

இப்போது தூங்குகிறாள். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தாலும் எழுந்துபோய் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். மூன்று தடவை பார்த்தாயிற்று. மறுபடி அசைவைக் காணோம். பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.