லாரி திக்கித் திக்கிப் போகிறது

ஜூன் 4

அன்புள்ள மருமகளுக்கு அத்தை எழுதுவது. நான் இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், சொல்ல வந்தது நின்றுபோகிறது. அதனால்தான் கடிதம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் படித்தது அவ்வளவுதான்.

என் பிள்ளை விளையாடிய கம்ப்யூட்டரில் சாயங்காலம் நான்தான் லாரி ஓட்டுகிறேன். சிரிக்காதே. அவன் ஓட்டும்போது பக்கத்தில் வெங்காயம் உரித்தபடி பார்த்துப் பார்த்துப் பழகியது. அவன் பாதி வழியில் விட்டுப்போன சரக்கு, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாமா? ஆனால் இப்போது லாரி திக்கித் திக்கிப் போகிறது. பெட்டிக்குள் காற்றாடி மூச்சு வாங்குகிறது. பிறகு திரை அப்படியே நின்றுவிடுகிறது.

கம்ப்யூட்டர் கடைக்காரரை வரச் சொன்னேன். ஆள் வருகிறாரே என்று அறையைப் பெருக்கி, பெட்டிமேல் போர்த்தியிருந்த துணியை மடித்து வைத்தேன். அவர் முன்னால் லாரி வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் பழைய கதை. என்ன செய்துவிட்டுப் போனாரோ. கிராபிக்ஸ் கார்டைப் புதிதாகப் போட வேண்டுமாம், பழையதை அவரே எடுத்துக்கொள்வாராம். பழையது அவருக்கு எதற்கு? என் பிள்ளை தன் கையால் பொருத்தியது அது. உனக்கு இதெல்லாம் தெரியும். என்ன செய்யலாம், எழுது.

இப்படிக்கு,
அத்தை

ஜூன் 11

அன்புள்ள அத்தைக்கு,

வேலை இருக்கிறது, பொழுது போகிறது. நீங்கள் லாரி ஓட்டுவதைப் படித்துச் சிரித்தேன், ரொம்ப நாளைக்குப் பிறகு.

கடைக்காரரைத் திறக்க விடாதீர்கள். அந்தக் கார்டு உங்கள் பிள்ளை கடைசியாக வாங்கியது, அந்த விளையாட்டுக்குத் தாராளம். மாற்றுவதென்றால் ப்ராசஸரைத்தான் மாற்ற வேண்டும், அதுதான் பழசு. நான் வந்து பெட்டியை இங்கே எடுத்துவரட்டுமா? அலுவலக நண்பர் ஒருவர் இதில் கைதேர்ந்தவர்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

ஜூன் 17

மருமகளுக்கு,

கடிதம் வந்தது. அவர் கார்டு என்கிறார், நீ ப்ராசஸர் என்கிறாய். ஆளுக்கொரு துண்டாகக் கழற்றிக்கொண்டு போனால் எனக்கு வெறும் பெட்டிதான் மிஞ்சும்.

நீ கிளம்பிப் போனதிலிருந்துதான் லாரி இப்படிப் போகிறது. முதலில் எழுத வேண்டாம் என்று இருந்தேன், இப்போது எழுதுகிறேன். கிளம்பும் முன் அலமாரி முழுவதையும் புரட்டினாய். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கம்ப்யூட்டர் பில்லைத் தேடியிருப்பாய். பில் இருந்தால்தானே பொருள் உன்னுடையது என்று சொல்லலாம். கொடுத்திருப்பேனோ மாட்டேனோ, வாய் திறந்து கேட்டிருக்கலாம்.

அலுவலக நண்பர் என்று எழுதியிருக்கிறாய். அவர் யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவன் பெட்டியை யாரும் தொட வேண்டாம்.

அத்தை

ஜூன் 24

அத்தைக்கு,

அந்த நண்பருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அலுவலகம் முழுக்கப் படம் காட்டிக்கொண்டு திரிகிறார்.

பில்லும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். நான் தேடியது உங்கள் பிள்ளையின் சாம்பல் நிற ஸ்வெட்டரை. முழங்கையில் நான் ஒட்டுப்போட்டது. உங்களிடம் கேட்க வாய் வரவில்லை. யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்று நினைத்து உங்கள்மேல் கோபமாகக்கூட இருந்தேன்.

உங்கள் முதல் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். ஆள் வந்தபோது ஓடியது, போனதும் திக்கியது. அவர் போன பிறகு அந்தத் துணியை மறுபடி போர்த்தினீர்களா? தடித்த துணியா? அந்தப் பெட்டிக்கு முதுகிலும் தலையிலும்தான் காற்றுப் போக வழி. அதை அடைத்தால் உள்ளே சூடேறி எல்லாமே மெதுவாகிவிடும். துணியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியாக ஓடினால் கார்டும் மாற்ற வேண்டாம், ப்ராசஸரும் மாற்ற வேண்டாம்.

இதற்கு நீங்கள் பதில் போடாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

மருமகள்

ஜூலை 1

என் கண்ணு,

நீ எழுதியது இரண்டு விஷயம். இரண்டுக்கும் ஒரே பதில்தான். பெட்டிமேல் போர்த்தியிருந்தது அந்த ஸ்வெட்டர்.

நீ தேடிய அன்று அது என் தலையணைக்கு அடியில் இருந்தது. நீ போன மறுநாள், அவன் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று பெட்டிக்குப் போர்த்தினேன். கடிதத்தைப் படித்ததும் போய் எடுத்தேன். அதுவரை லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன், சூடாக இருந்தது, இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல. கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தேன்.

அப்புறம் லாரி திக்கவேயில்லை. அவன் சரக்கைக் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். அடுத்த சரக்கு ஏற்றலாமா என்று கேட்கிறது. நீ வந்து ஓட்டு, நான் வெங்காயம் உரிக்கிறேன்.

கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய கார்டு எதற்கு என்று கேட்டால், குப்பையில் போடத்தான் அம்மா என்கிறார். நான் நம்பவில்லை.

ஸ்வெட்டரை உனக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். துவைக்கவில்லை. பார்சலை நாலு பக்கமும் தைத்திருக்கிறேன். தையலில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் உடனே எழுது. தபாலாபீஸில் வாங்கி வைத்த ஆளின் முழி சரியில்லை.

உன் அத்தை