விழாவுக்கு வந்த விட்டில்கள்

அன்புள்ள வனிதாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் இருமல் நின்றதா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

சின்னக்கானலில் மழையும் விடவில்லை, ரிசார்ட்டில் என் பாடும் தீரவில்லை. சென்னையிலிருந்து வந்து தங்கிய ஒரு அம்மா, மகளின் பிறந்தநாளைப் பூச்சி விழாவாக நடத்தச் சொன்னார். தினமும் பூச்சி விரட்டுகிற நானே காகிதத்தில் வண்டும் தும்பியும் வெட்டி ஒட்டினேன். கம்பளிப்பூச்சி கேக்குக்குக் கால் போதவில்லையென்று திருப்பி அனுப்பினார். சாயந்திரம் விளக்கைப் போட்டதும் நிஜ விட்டில்கள் கூட்டமாக வந்து கேக்கில் உட்கார்ந்தன.

“அருள்குமார், மருந்து அடிங்க! ஒரு பூச்சிகூட இங்க இருக்கக்கூடாது!” என்று கத்தினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தக் குழந்தையோ, “அடிக்காதீங்க அங்கிள், என் பார்ட்டிக்குத்தானே வந்திருக்கு!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்விளக்கை அணைத்து வாசல் விளக்கைப் போட்டேன். விட்டில்கள் வெளியே போயின. பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள்.

எனக்கும் ஒரு பாப்பா இருக்கிறாளென்று சொன்னதும், “உங்க பாப்பாவுக்கு எந்தப் பூச்சி பிடிக்கும்?” என்று பிறந்தநாள் குழந்தை கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை, வனிதா. “கேட்டுச் சொல்றனுங்க கண்ணு” என்றேன்.

குளிர் தாங்கவில்லை, என் கம்பளிச் சட்டையைக் கொடுத்தனுப்பு. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கோவிந்தாபுரம் லாரி கிளம்புகிறது, டிரைவர் கத்துகிறார். போனில் பேச்சு அறுந்து அறுந்துதான் கேட்கிறது. பாப்பாவிடம் கேட்டு எழுது.

அருள்குமார்